வந்த பைசா, போன பைசா: வங்கிப் பரிமாற்ற வரலாற்றை நீங்களே அறிக்கையாக்கிச் சரிபார்ப்பது

இந்த அத்தியாயம் மூன்று வகையினருக்காக. வளைகுடாவிலிருந்து மகனோ கணவரோ அனுப்பும் பணத்தை ஊரில் கவனித்துக்கொள்பவர். ரப்பர் ஷீட், தேன், முந்திரி என்று வியாபாரம் செய்து, வங்கி வழியாகவே பலருக்குப் பணம் அனுப்புகிறவர். சர்ச் கமிட்டி, கோயில் டிரஸ்ட், சங்கம் போன்றவற்றின் கணக்கைப் பார்க்கிறவர்.

மார்த்தாண்டத்தையும் குழித்துறையையும் சுற்றியுள்ள பல வீடுகளில் கணக்குப் பார்ப்பது ஒரு ஃபோனில் முடிந்துவிடுகிறது. "பைசா வந்தாச்சு மக்ளே" என்று அம்மா சொன்னால் தீர்ந்தது. எவ்வளவு அனுப்பினான், எவ்வளவு வந்தது, நடுவில் எவ்வளவு பிடித்தார்கள், போன மாதம் அனுப்பியது எங்கே என்பதெல்லாம் தகராறு வந்த பிறகுதான் நினைவுக்கு வரும். அப்போது பாஸ்புக்கைப் புரட்டிப் பயனில்லை. பாஸ்புக் வரிசையாகக் காட்டும். வகை பிரித்துக் காட்டாது. வங்கி தரும் ஸ்டேட்மெண்டைக் கணினியில் ஏற்றி வகை பிரித்தால், ஒரு வருடக் கதையும் ஒரே பக்கத்தில் தெரியும். அதைச் செய்யக் கணக்கியல் படிப்பு தேவையில்லை.

தேவையானவை

ஒரு கணினி அல்லது லேப்டாப். ஸ்மார்ட்ஃபோனில் இந்த வேலை முடியாததல்ல, ஆனால் கண் வலிக்கும், தப்பும் வரும். மென்பொருளுக்கு லிப்ரே ஆஃபிஸ் கால்க் போதும், இலவசம். எக்செல் இருந்தால் அதிலும் இதே வேலைதான், மெனுக்களின் இடம் மட்டும் மாறும். இவற்றோடு நெட் பேங்கிங் வசதியும், நீங்கள் கையால் எழுதும் ஒரு நோட்டும் வேண்டும். அந்த நோட்டு ஏன் என்பது பின்னால் வரும். அது இல்லாமல் செய்யும் சரிபார்ப்பு பாதிச் சரிபார்ப்புதான்.

படி 1: ஸ்டேட்மெண்டை இறக்குங்கள்

1. வங்கியின் இணைய முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். கூகுளில் தேடி, மேலே வரும் விளம்பரத்தை அமுக்காதீர்கள். இந்திய வங்கிகள் எல்லாம் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. முகவரியின் வாலைப் பார்ப்பதை முதல் பழக்கமாக்குங்கள்.

2. 'அக்கவுண்ட் ஸ்டேட்மெண்ட்' பகுதிக்குப் போய்த் தேதி வரம்பைக் கொடுங்கள். ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை என்று நிதியாண்டாக எடுப்பது நல்லது. வருமான வரி வேலைக்கும் அதுவே உதவும்.

3. வடிவம் கேட்டால் எக்செல் அல்லது சிஎஸ்வி என்று தேர்ந்தெடுங்கள். பிடிஎஃப் வேண்டாம், அதை மேனேஜருக்குக் காட்டவும் கோப்பில் வைக்கவும் தனியாக ஒரு பிரதி இறக்கிக்கொள்ளலாம்.

4. இறக்கிய கோப்பில் கை வைக்காமல் 'மூலம்' என்ற ஃபோல்டரில் போடுங்கள். வேலை செய்வதெல்லாம் நகலில்.

பாதுகாப்பு: பிடிஎஃப்-ஐ எக்செல்லாக மாற்றித் தருகிறோம் என்று சொல்லும் இலவச இணையதளங்களில் ஸ்டேட்மெண்டை ஏற்றாதீர்கள். உங்கள் கணக்கு எண், இருப்பு, யார் யாருக்கு அனுப்புகிறீர்கள் என்ற முழு வரலாறும் முன்பின் தெரியாத ஒருவன் கைக்குப் போகிறது. ப்ரௌசிங் சென்டரில் இறக்கியே ஆகவேண்டும் என்றால் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரிலிருந்தும் ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழித்துவிட்டு, லாக் அவுட் செய்தபின் எழுந்திருங்கள்.

இன்னொன்று. மகன் துபாயில், அவன் யூசர் ஐடி அப்பாவிடம், ஓடிபி வாட்ஸாப்பில். இந்த ஏற்பாடு நம் பக்கத்தில் சாதாரணம், ஆனால் ஆபத்து. ஏதேனும் நடந்தால் 'ஓடிபியை நீங்களே பகிர்ந்தீர்கள்' என்று வங்கி கை கழுவிவிடும். பணம் எடுக்கும் அதிகாரம் ஊரில் இருப்பவருக்கு வேண்டுமென்றால் அதற்கென்று வங்கியில் மாண்டேட் அல்லது பவர் ஆஃப் அட்டர்னி கொடுக்கும் முறை இருக்கிறது. பார்க்க மட்டும் வேண்டுமென்றால், மாதம் ஒருமுறை மகன் ஸ்டேட்மெண்ட் கோப்பை அனுப்பினால் போதும்.

படி 2: கெடாமல் திறங்கள்

அதிகம் பேர் கவிழ்வது இங்கேதான். சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் எக்செல் திறந்தால் அது தன் இஷ்டத்துக்கு மூன்று காரியம் செய்யும்.

முதலாவது, நீளமான எண்களைச் சுருக்கும். 12 இலக்கக் குறிப்பு எண் புள்ளியும் கூட்டல் குறியுமாகத் தெரியும். 15 இலக்கத்துக்கு மேல் போனால் இன்னும் மோசம்: மிச்ச இலக்கங்களைச் சுழியமாக்கிவிடும். 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் 7 என்றால் 0 ஆகும். சேமித்துவிட்டால் திரும்ப வராது.

இரண்டாவது, எண்ணின் முன்னால் உள்ள சுழியங்களை விழுங்கும்.

மூன்றாவது, தேதியைத் திருப்பும். 03/04 என்பது ஏப்ரல் 3. கணினி அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் அதை மார்ச் 4 என்று படிக்கும். 25/04 என்றால் அதற்குப் புரியாது, வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஆகவே ஒரே நெடுவரிசையில் சில தேதிகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒட்டி நின்றால், தேதி குழம்பியிருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

இதைத் தவிர்க்க:

1. லிப்ரே ஆஃபிஸில் சிஎஸ்வி-ஐத் திறந்தால் முதலில் ஒரு பெட்டி வரும். அவசரப்பட்டு 'ஓகே' கொடுக்காதீர்கள்.
2. கீழே தெரியும் மாதிரியில் தேதி நெடுவரிசையின் தலையைச் சொடுக்கி, வகையை 'டேட் – டிஎம்ஒய்' என்று மாற்றுங்கள்.
3. குறிப்பு எண், காசோலை எண், விவரம் ஆகிய நெடுவரிசைகளுக்கு 'டெக்ஸ்ட்' கொடுங்கள்.
4. பிறகு திறங்கள். எக்செல் என்றால் 'டேட்டா' மெனுவில் உள்ள 'ஃப்ரம் டெக்ஸ்ட் / சிஎஸ்வி' வழியாக வந்து, 'டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா' என்ற இடத்தில் இதே வகை மாற்றத்தைச் செய்யுங்கள்.

பல வங்கிகளின் கோப்பில் மேலே பெயர், முகவரி, கிளை என்று பத்துப் பன்னிரண்டு வரிகளும் கீழே பொறுப்புத் துறப்பு வாசகங்களும் இருக்கும். நகலில் அவற்றை நீக்கி, தலைப்பு வரிசை முதல் வரியாக வரும்படி செய்யுங்கள்.

படி 3: கூட்டுத்தொகைச் சோதனை

வேறு எதையும் தொடும் முன் இந்த ஒரு கணக்கைப் போடுங்கள்.

தொடக்க இருப்பு + மொத்த வரவு − மொத்தப் பற்று = இறுதி இருப்பு

பைசா சுத்தமாக ஒத்துவர வேண்டும். ஒத்துவராவிட்டால் ஏதோ ஒரு வரி விழுந்துவிட்டது, அல்லது சில தொகைகள் காற்புள்ளியோடு எழுத்தாக நிற்கின்றன. கணினி அவற்றைக் கூட்டாமல் தாண்டியிருக்கும். இதைச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போனால் பின்னால் வரும் அறிக்கை எவ்வளவு அழகாக இருந்தாலும் பொய்.

படி 4: ஒவ்வொரு வரியும் எந்த வழி வந்தது?

விவரம் என்ற நெடுவரிசையில் எழுத்தும் எண்ணும் கலந்து ஒரு கஞ்சி இருக்கும். அதைப் பிரித்துப் பார்க்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது. வலது பக்கம் இரண்டு புது நெடுவரிசைகள் போடுங்கள்: 'வழி', 'குறிப்பு எண்'. ஒவ்வொரு வரிக்கும் நிரப்புங்கள். வழியின் பெயர் விவரத்தின் தொடக்கத்திலேயே இருக்கும்.

நெஃப்ட்: அரைமணி நேரத்துக்கு ஒரு தொகுப்பாகப் போகும். 2019 டிசம்பர் 16 முதல் 24 மணி நேரமும், ஞாயிறும் விடுமுறையும் பாராமல் நடக்கிறது. சேமிப்புக் கணக்கிலிருந்து ஆன்லைனில் அனுப்பினால் 2020 ஜனவரி 1 முதல் கட்டணம் இல்லை. உங்கள் ஸ்டேட்மெண்டில் அப்படி ஒரு கட்டணம் தென்பட்டால் கேளுங்கள். கிளைக்குப் போய் அனுப்பினால் கட்டணம் உண்டு: 10,000 ரூபாய் வரை 2.50, ஒரு லட்சம் வரை 5, இரண்டு லட்சம் வரை 15, அதற்கு மேல் 25, இவற்றோடு ஜிஎஸ்டி. உங்களுக்கு வரும் பணத்துக்கு எந்தக் கட்டணமும் கிடையாது.

ஆர்டிஜிஎஸ்: 2 லட்சத்துக்குக் குறையாத தொகைக்கு. ஒவ்வொன்றும் தனித்தனியாக உடனே தீரும். 2020 டிசம்பர் 14 முதல் இதுவும் 24 மணி நேரம்.

ஐஎம்பிஎஸ், யூபிஐ: உடனடி. ஐஎம்பிஎஸ் உச்சவரம்பு 5 லட்சம்; உங்கள் வங்கி அதைவிடக் குறைத்து வைத்திருக்கலாம்.

குறிப்பு எண்ணைத்தான் வங்கிக்காரர்கள் யூடிஆர் என்பார்கள். பணம் காணாமல் போனால் அதைத் தேடிப் பிடிக்கும் கயிறு இதுதான். பெயர், தொகை, தேதி எல்லாம் இதற்குப் பிறகுதான். ஆர்டிஜிஎஸ் எண் 22 இடங்கள் கொண்டது: முதல் 4 எழுத்து அனுப்பிய வங்கி, அடுத்து 'ஆர்', அடுத்த ஒன்று அனுப்பிய வழி, பிறகு 8 இலக்கத்தில் ஆண்டு-மாதம்-நாள், கடைசி 8 வரிசை எண். அதாவது எண்ணுக்குள்ளேயே தேதி இருக்கிறது. ஐஎம்பிஎஸ், யூபிஐ எண் 12 இலக்கம். பெரும்பாலும் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்த மூன்றும் அது அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 5045 என்று தொடங்கினால் 2025-ன் 45-வது நாள், பிப்ரவரி 14. ஒருவர் 'நேற்றே போட்டுவிட்டேன் அண்ணே' என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் அந்த நான்கு இலக்கத்தைப் பாருங்கள். பழைய ரசீதில் தேதியை மட்டும் மாற்றி அனுப்புகிறவர்களில் பலருக்கு இது தெரியாது.

பழைய ஸ்டேட்மெண்டுகளுக்கு ஒரு தனிக்குறிப்பு. திருவிதாங்கூர் காலத் தொடர்ச்சியாக இந்தப் பக்கத்தில் நிறையப் பேருக்கு ஸ்டேட் பாங்க் ஆஃப் டிராவன்கூரில் கணக்கு இருந்தது. 2017 ஏப்ரல் 1-ல் அது பாரத ஸ்டேட் வங்கியோடு இணைந்தது. 'எஸ்பிடிஆர்' என்று தொடங்கிய ஐஎஃப்எஸ்சி குறிகள் 'எஸ்பிஐஎன்' ஆயின. 2020 ஏப்ரல் 1-ல் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், கார்ப்பரேஷன் வங்கியும் ஆந்திரா வங்கியும் யூனியன் வங்கியோடும் சேர்ந்தன. ஆகவே ஒரே ஆளுக்கு ஒரே கணக்கில் அனுப்பியது உங்கள் வரலாற்றில் இரண்டு குறிகளில் தெரிந்தால் பதற வேண்டாம். ஆனால் நெட் பேங்கிங்கில் பழைய குறியோடு கிடக்கும் பெனிஃபிஷியரியை நீக்கிப் புதிதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: வெளிநாட்டுப் பணம்

வெளிநாட்டிலிருந்து வரும் பணம் மூன்று வழியில் வருகிறது. மூன்றும் ஸ்டேட்மெண்டில் வெவ்வேறு முகத்தோடு நிற்கும்.

ஒன்று, அங்குள்ள எக்ஸ்சேஞ்ச் ஹவுஸ் மூலம். மகன் அபுதாபியில் திர்ஹாம் கட்டுகிறான். இங்கே அது ஏதோ ஒரு இந்திய வங்கியின் நெஃப்ட் அல்லது ஐஎம்பிஎஸ் வரவாக விழுகிறது. விவரத்தில் மகன் பெயர் இல்லாமலும் இருக்கலாம். 'யாரோ மும்பையிலிருந்து போட்டிருக்கிறார்கள்' என்று குழம்பாமல், எக்ஸ்சேஞ்ச் ரசீதில் உள்ள எண்ணை வாங்கி ஒத்துப்பாருங்கள்.

இரண்டு, வங்கியிலிருந்து வங்கிக்கு, ஸ்விஃப்ட் வழியாக. இதில் நடுவில் நிற்கும் வங்கி தன் கூலியைப் பிடித்துக்கொள்வதுண்டு. இங்கே வந்தபின் நாணய மாற்றுக்கு ஜிஎஸ்டி வேறு: ஒரு லட்சம் ரூபாய் மதிப்புக்கு 180 ரூபாய், குறைந்தபட்சம் 45. இது தனி வரியாக வரலாம். இதை 'மர்மப் பிடித்தம்' என்று நினைத்து வங்கிக்கு ஓடுகிறவர்கள் உண்டு. ஓட வேண்டியது இதற்கல்ல, மாற்று விகிதத்துக்கு. அனுப்பிய டாலரால் வந்த ரூபாயை வகுத்து, அன்று வங்கி அறிவித்திருந்த விகிதத்தோடு ஒப்பிடுங்கள்.

மூன்று, வெஸ்டர்ன் யூனியன் போன்ற பணப்பெயர்ப்புச் சேவை. இதில் ஒரு தடவைக்கு 2,500 டாலர், ஒருவர் ஆண்டுக்கு 30 தடவை வரை பெறலாம். ரொக்கமாகத் தருவது 50,000 ரூபாய் வரை. ரொக்கமாக வாங்கினால் அது உங்கள் ஸ்டேட்மெண்டிலேயே வராது. ரசீதை நோட்டில் ஒட்டிவையுங்கள்.

'மூலம்' என்று இன்னொரு நெடுவரிசை போட்டு, வெளிநாட்டு வரவுகளுக்கு மட்டும் அனுப்பியவர் பெயர், அனுப்பிய நாணயத் தொகை, கணக்கிட்ட விகிதம் ஆகியவற்றை எழுதுங்கள். ஸ்விஃப்ட் வரவுக்கு வங்கியிடம் வெளிநாட்டுப் பணம் வந்ததற்கான சான்று கேளுங்கள். அதில் நோக்கக் குறி இருக்கும். குடும்பச் செலவுக்கும் சேமிப்புக்கும் வெளிநாட்டிலுள்ள இந்தியர் அனுப்புவது பி1301. குறி மாறியிருந்தால் உடனே திருத்தச் சொல்லுங்கள். இரண்டு வருடம் கழித்து வீட்டுக் கடனுக்கோ நிலப் பத்திரத்துக்கோ பணத்தின் மூலம் கேட்கப்படும்போது பேசுவது அந்தச் சான்றுதான்.

அடிக்கடி நடக்கும் தவறு: மகனின் என்ஆர்இ கணக்கில் இங்குள்ள ரப்பர் விற்ற பணத்தைப் போட முயல்வது. உள்ளூர் வருமானம் பொதுவாக என்ஆர்ஓ கணக்குக்குத்தான் போக வேண்டும். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனபின் பழைய சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருப்பதும் தவறு. அதை என்ஆர்ஓ-வாக மாற்ற வேண்டும். என்ஆர்இ வட்டிக்கு இங்கே வரி இல்லை, என்ஆர்ஓ வட்டிக்கு உண்டு. ஆகவே இரண்டு கணக்குகளையும் ஒரே தாளில் கலக்காதீர்கள்.

படி 6: அறிக்கை எடுத்தல்

இப்போது பிவட் டேபிள். பெயர் மிரட்டும், வேலை ஐந்து நிமிடம்.

1. தலைப்பு வரிசையோடு முழு அட்டவணையையும் தேர்ந்தெடுங்கள்.
2. லிப்ரே ஆஃபிஸில் 'டேட்டா' மெனு, 'பிவட் டேபிள்', 'இன்செர்ட் ஆர் எடிட்'. எக்செல்லில் 'இன்செர்ட்' மெனுவிலேயே இருக்கிறது.
3. மாதத்தை 'ரோ' கட்டத்துக்கு இழுங்கள். இதற்காக முன்கூட்டியே '2025-04' என்ற மாதிரி ஒரு மாத நெடுவரிசை வைத்திருங்கள், வரிசை குழம்பாது.
4. 'வழி'யை 'காலம்' (நெடுவரிசை) கட்டத்துக்கு.
5. பற்றுத் தொகையை 'டேட்டா' கட்டத்துக்கு. எக்செல்லில் அந்தக் கட்டத்தின் பெயர் 'வேல்யூஸ்'.
6. அதே பற்றை இரண்டாவது தடவையும் இழுத்து, அதைக் கூட்டுத்தொகைக்குப் பதில் எண்ணிக்கையாக மாற்றுங்கள்.

எண்ணிக்கையைச் சேர்க்காமல் விடாதீர்கள். மாதம் 40 நெஃப்ட் போகும் கடையில் ஒரு மாதம் 43 போயிருந்தால், தொகையில் அது தெரியாமல் கரைந்துவிடலாம், எண்ணிக்கையில் கரையாது. சந்தேகமான கட்டத்தை இரட்டைச் சொடுக்கினால் அதன் பின்னால் உள்ள வரிகள் மட்டும் தனித் தாளில் விரியும். இந்த ஒரு வசதிக்காகவே பிவட் கற்கலாம்.

இதே போல் பெறுபவர் பெயர்வாரியாக ஒன்று, வரவுக்கு ஒன்று. மூன்று அறிக்கைக்கு மேல் வேண்டாம். பத்து விதமாக எடுத்து வைக்கிறவர் எதையும் படிப்பதில்லை.

படி 7: உங்கள் நோட்டோடு ஒத்துப்பார்த்தல்

இதற்கு முன் செய்ததெல்லாம் வங்கி சொன்னதை வங்கிக்கே திருப்பிச் சொன்னதுதான். வங்கி ஏட்டில் இருப்பது உங்களுக்குத் தெரியாமல் நடந்ததா என்பதை உங்கள் கையெழுத்து நோட்டு ஒன்றே சொல்லும்.

இதை வங்கிகளே அடிபட்டுத் தெரிந்துகொண்டன. கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில் 2018 பிப்ரவரி 7 அன்று வழக்கமான ஒத்துப்பார்க்கும் வேலையின்போது, வங்கியில் யாரும் அனுப்பாத மூன்று ஸ்விஃப்ட் பரிமாற்றங்கள் வெளியே போயிருப்பது தெரிந்தது. நியூயார்க் வழியாகத் துபாய்க்கு 5 லட்சம் டாலர், ஃபிராங்பர்ட் வழியாகத் துருக்கிக்கு 3 லட்சம் யூரோ, நியூயார்க் வழியாகச் சீனாவுக்கு 10 லட்சம் டாலர். துபாய்த் தொகை வழியிலேயே தடுக்கப்பட்டுத் திரும்பியது. இதில் கவனிக்க வேண்டியது ஊடுருவியவர்கள் செய்த இன்னொரு காரியம்: ஸ்விஃப்ட் அமைப்போடு இணைந்த பிரிண்டரை முடக்கியிருந்தார்கள். அனுப்பியதற்கான ஒப்புகைத் தாள்கள் வெளியே வரவில்லை. இரண்டு வருடம் முன்பு, 2016 பிப்ரவரியில், பங்களாதேஷ் மத்திய வங்கியிலும் இதே கதை. 95 கோடி டாலருக்கு 35 போலி உத்தரவுகள் போயின. அங்கும் பிரிண்டர் ஊமையாகிக் கிடந்தது. 8.1 கோடி டாலர் மணிலாவுக்குப் போய்ச் சேர்ந்தது. இலங்கைக்குப் போன 2 கோடி டாலர், பெறும் அமைப்பின் பெயரில் ஒரு எழுத்துப்பிழை இருந்ததால் இடையிலிருந்த வங்கிக்குச் சந்தேகம் வந்து நின்றது.

திருடன் பணத்தில் கை வைக்கும் முன் அறிக்கையில் கை வைக்கிறான். உங்கள் அளவில் அது எப்படி நடக்கும்? வங்கியில் பதிந்த மொபைல் எண் மாறும், எஸ்எம்எஸ் வராது. திடீரென்று சிம் செத்துப்போகும். மின்னஞ்சல் முகவரி மாறியிருக்கும். எஸ்எம்எஸ் வரவில்லை என்றால் 'டவர் இல்லை' என்று விட்டுவிடாதீர்கள். அன்றே உள்ளே போய்க் கணக்கைப் பாருங்கள்.

ஒத்துப்பார்க்கும் முறை:

1. நோட்டில் ஒவ்வொரு அனுப்புதலுக்கும் தேதி, பெயர், தொகை, எதற்காக என்று எழுதுங்கள். குறிப்பு எண்ணின் கடைசி 6 இலக்கம் போதும்.
2. மாத முடிவில் அதைக் கணினியில் இரண்டாவது தாளாக ஏற்றுங்கள்.
3. ஸ்டேட்மெண்ட் தாளிலும் கடைசி 6 இலக்கத்தைத் தனி நெடுவரிசையில் பிரியுங்கள். 'கவுண்ட்இஃப்' சூத்திரத்தால், அந்த எண் நோட்டுத் தாளில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். 0 வந்தால் நீங்கள் எழுதாதது, சிவப்பு.
4. எதிர்த்திசையிலும் செய்யுங்கள். நோட்டில் இருந்து ஸ்டேட்மெண்டில் இல்லை என்றால் பணம் போகவே இல்லை.

ஒரு திசையில் மட்டும் பார்ப்பது இந்த வேலையில் மிகப் பெரிய சோம்பேறித்தனம். இயன்றால் அனுப்புகிறவர் ஒருவர், ஒத்துப்பார்ப்பவர் வேறொருவர் என்று வையுங்கள். சங்கக் கணக்கு என்றால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது; பொருளாளரே எழுதி, பொருளாளரே சரிபார்த்தால் அது சரிபார்ப்பல்ல.

எதைத் தேடுவது?

ஒரே ஆள், ஒரே தொகை, வெவ்வேறு குறிப்பு எண்: நீங்கள் இரண்டு தடவை அனுப்பிவிட்டீர்கள். நெட் நின்று நின்று வரும் மழை நாளில் இது சகஜம். ஒரே எண், ஒருமுறை பற்று, ஒருமுறை வரவு: போய்த் திரும்பி வந்தது, கணக்கு எண்ணைச் சரிபாருங்கள். கட்டணமும் அதற்கான வரியும் மூல வரியின் எண்ணையே சுமந்து வருவதுண்டு. அதை இரட்டைப் பற்று என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு ரூபாய் வரவு பெரும்பாலும் கணக்கு உங்களுடையதுதானா என்று சோதிக்க யாரோ போட்டது. நீங்கள் எங்கும் கணக்கு எண் கொடுக்கவில்லை என்றால் ஏன் வந்தது என்று யோசியுங்கள்.

தெரியாதவரிடமிருந்து பெருந்தொகை வந்து, பின்னாலேயே 'தவறுதலாகப் போட்டுவிட்டேன், இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்' என்று ஃபோன் வந்தால் அனுப்பாதீர்கள். அது வேறு யாரிடமோ ஏமாற்றிய பணமாக இருக்கலாம். அனுப்பிவிட்டால் உங்கள் கணக்கு முடங்கும், விசாரணையும் வரும். எழுத்து மூலம் வங்கிக்குத் தெரிவியுங்கள். வந்த வழியே திருப்புவது அவர்கள் வேலை.

புதிதாக ஒருவருக்கு அனுப்பும்போது கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி-யும் கொடுத்ததும் பெறுபவர் பெயரைக் காட்டும் வசதியை நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டிலும் 2025 ஏப்ரல் 1-க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. பெயரைப் படிக்காமல் தாண்டாதீர்கள்.

தப்பு கண்டால்: நேர வரிசை

1. நீங்கள் செய்யாத பற்று என்றால் முதலில் 1930-க்கு அழையுங்கள். அது தேசிய சைபர் குற்ற உதவி எண். உடனே வங்கியின் உதவி எண்ணில் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். புகார் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் கிளைக்கு நேரில் போய் எழுத்தில் கொடுங்கள்.

2. தவறு உங்களுடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை என்ற வகையில், வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு இழப்பு இல்லை. 4 முதல் 7 வேலை நாள் என்றால் வரம்புக்குட்பட்ட இழப்பு. இது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை. சொன்னதிலிருந்து 10 வேலை நாளுக்குள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். ஓடிபியை நீங்களே கொடுத்திருந்தால், வங்கியிடம் சொல்லும் வரை நடந்த இழப்பு உங்களுடையது. சொன்ன பிறகு நடப்பது வங்கியுடையது. ஆகவே வெட்கப்பட்டுத் தாமதிக்காதீர்கள்.

3. ஐஎம்பிஎஸ், யூபிஐ பணம் உங்கள் கணக்கில் கழிந்து அங்கே சேரவில்லை என்றால் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. கேட்காமலே தர வேண்டும் என்பது விதி. வரவில்லை என்றால் கேளுங்கள். நெஃப்ட் வரவு வைக்க முடியாமல் போனால் அந்தத் தொகுப்பு தீர்ந்த 2 மணி நேரத்துக்குள் திருப்ப வேண்டும். தாமதித்தால் ரெப்போ விகிதத்துக்கு மேல் 2 சதவீத வட்டி.

4. வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். உதவி எண் 14448. இதற்கு வக்கீல் தேவையில்லை. குறிப்பு எண்களோடு நீங்கள் எடுத்த அறிக்கையும் வங்கியிடம் கொடுத்த புகாரின் நகலும் வேண்டும்.

கோப்புகளை வைத்திருத்தல்

ஆண்டுக்கு ஒரு ஃபோல்டர்: மூலக் கோப்பு, பிடிஎஃப் பிரதி, வேலைத் தாள், வெளிநாட்டு வரவுச் சான்றுகள். ஒரு பிரதி பென் டிரைவில், ஒன்று வெளியூரில் இருப்பவரிடம். பரிமாற்றப் பதிவுகளை வங்கிகள் குறைந்தது 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதுதான் சட்டம். அதற்கு முந்தையது கேட்டதும் கிடைக்கும் என்று நம்பியிருக்காதீர்கள். இந்த அத்தியாயத்தைப் படித்து முடித்த கையோடு, எவ்வளவு பழைய தேதி வரை ஸ்டேட்மெண்ட் கிடைக்கிறதோ அவ்வளவையும் இறக்கி வைத்துவிடுங்கள்.